கண்ணில் வைத்த பொட்டு

ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் புதிய ஆசிரியர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும், பிள்ளைகளின் உழைப்பை எப்படி அடையாளம் கண்டு பாராட்டுவது என்று எழுத வேண்டுமாம். ஓய்வுபெற்றவளிடம் கேட்டால் பக்கம் பக்கமாக அறிவுரை கொட்டும் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடம் அறிவுரை அதிகம் இல்லை. ஒரு பெண்ணுக்கு நடந்தது மட்டும்தான் இருக்கிறது. அது நல்லபடியாக முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசு தெம்பாக இருக்கும் ஒரு நாளில் படியுங்கள்.

ஆனையூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். இன்று உங்களுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்குகிறது. அன்று பழைய டேப் ரெக்கார்டரில் பிடுங்கிய மோட்டாரும் பொம்மைக் கார் சக்கரமும்தான் எங்கள் கையிருப்பு. பிள்ளைகள் அதை ரோபோ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், வண்டி என்பார்கள். பிளைவுட் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையில், எதிலும் இடிக்காமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதுதான் போட்டி. அதற்காக வண்டியின் முன்பக்கம் இரண்டு கண்கள் வைத்திருந்தோம். அவை நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அனுப்பும். அது எதன் மீதாவது பட்டுத் திரும்பினால், எதிரே சுவர் இருக்கிறது என்று எண்ணி வண்டி பின்வாங்கித் திரும்பும்.

குழுவில் நான்கு பேர், எல்லோரும் ஒன்பதாம் வகுப்பு. தலைவன் அருண். நன்றாகப் பேசுவான், நடுவர்களிடம் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவான். இன்னும் இரண்டு பையன்கள். நான்காவது ஆள் பேச்சி. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம். ஆனையூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். அடக்க ஒடுக்கமான பெண் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சரியான வாயாடி. தான் செய்ததைத் தான் செய்தேன் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லுவாள். அடுத்தவன் அதைத் தன்னுடையது என்று சொன்னால் சண்டைக்குப் போய்விடுவாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

மற்ற மூவரும் வண்டியை ஓட வைக்கப் பாடுபடுவார்கள். பேச்சி அதை மக்கர் செய்ய வைக்கப் பாடுபடுவாள். ஒரு சக்கரத்தில் நூலைச் சுற்றிப் பார்ப்பாள், ஒரு கண்ணைக் காகிதத்தால் மூடிப் பார்ப்பாள். அருண் தலையில் அடித்துக்கொள்வான்.

“டீச்சர், இங்க பாருங்களேன். கண்ணைப் பொத்துனா பின்னாடியே போகுது. எதுத்தாப்புல ஒன்னுமே இல்ல, ஆனா சுவரு இருக்குன்னு நெனச்சுப் பயப்படுது” என்று சிரித்தாள் ஒருநாள்.

“எதுக்கடி அதைப் போட்டுப் படுத்துற?”

“எப்பெப்பக் கோளாறு பண்ணும்னு தெரிஞ்சுக்கணும்ல?”

அவளுக்கு அந்த ஆண்டு இன்னொரு கவலையும் இருந்தது. பத்தாவதோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் அப்பா எண்ணியிருந்தார். “ஆண்டு விழாவுக்கு அப்பா வருவாக, டீச்சர். மேடையில என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, பிளஸ் ஒன்னுக்கும் இங்கனயே விட்டுருவாக” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு எது கிளம்பினாலும், யார் கிளம்பினாலும், தாளாளரின் மனைவி வந்து சந்தனம் குங்குமம் வைத்து அனுப்புவார். தாளாளரம்மா என்போம். நல்ல மனுஷி. கோ-கோ அணிக்கு வைப்பார், பள்ளி வேனுக்கு வைப்பார், செஸ் போர்டு இருக்கும் பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு உண்டு. அந்த வழியனுப்பும் நேரத்தில் நான் எப்போதும் பின்னால் போய் நின்றுகொள்வேன். என் கணவர் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தவறிவிட்டார். மங்கலக் காரியத்தில் முன்னால் நிற்காதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வைக்கக் கூடாது என்று நானே ஒதுங்கிக்கொள்வேன், பழகிப்போன ஒன்று.

அதனால் அன்று பொட்டு எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. தாளாளரம்மா வண்டியின் நெற்றியைத் தேடியிருக்கிறார். முன்பக்கத்தில் வட்டமாக, கறுப்பாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இரண்டு இடங்கள். கனமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். “அம்மா, அது வந்து...” என்று பேச்சி வாயைத் திறந்திருக்கிறாள். ஹெட்மாஸ்டர் “உஷ்” என்று முறைத்திருக்கிறார். போகிற வழியில் துடைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாளாம். ஆனால் வேனில் ஹெட்மாஸ்டரும் கூடவே ஏறினார். யாருக்குத் தைரியம் வரும்?

போட்டி அழகர்கோவில் போகும் சாலையில் இருந்த ஓர் எஞ்சினியரிங் கல்லூரியில். தாளாளரும் தாளாளரம்மாவும் எங்களுக்கு முன்பே காரில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வந்து வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வெயிலில் அலையாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தும், பிள்ளைகள் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தார்.

எங்கள் முறை வந்தது. வண்டியைப் பாதையில் வைத்து சுவிட்சைப் போட்டான் அருண். அது முன்னால் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. விர்ரென்று பின்னால் வந்து அவன் ஷூவில் முட்டி நின்றது. கூட்டம் சிரித்தது. திரும்ப வைத்தான், திரும்பப் பின்னால் வந்தது. நான் நடுவர்களின் மேஜைக்கு ஓடி, சரிசெய்ய அவகாசம் கேட்டேன். கொஞ்ச நேரம்தான் தந்தார்கள். மூன்று பையன்களும் குனிந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார்கள், பேட்டரியை மாற்றினார்கள். கோளாறு அவர்கள் மூக்குக்கு நேராக மஞ்சளும் சிவப்புமாக அப்பிக்கிடந்தது. ஆனால் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுக்கு என்று பார்க்கும்படி நம்மில் யார் வளர்ந்திருக்கிறோம்? கண்ணுக்குப் பட்டாலும் புத்திக்குப் படாது.

பேச்சிக்குப் பட்டது. நான் மேஜையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, துப்பட்டா முனையைத் தண்ணீரில் நனைத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கண்களையும் துடைத்து முடித்திருந்தாள். துப்பட்டாவெல்லாம் சிவப்பு. முதல் வரிசையில் தாளாளரம்மாவின் கை தன் தாலியைத் தொட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த அரங்கில் அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும்.

வண்டி ஓடியது. அப்படி ஓர் ஓட்டம் பள்ளியில் வைத்துக்கூட ஓடியதில்லை. முதல் பரிசு. தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் மனைவி கைதட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், மெதுவாகத் தட்டினார்.

சில வாரங்களில் தாளாளர் இறந்துபோனார். நெஞ்சுவலிதான். அவருக்கு வைத்தியம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துக்க வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. ‘குங்குமத்தை அழித்த கை’ என்று ஸ்டாஃப் ரூமில் என் காதுபடவே சொன்னார்கள். இயற்பியலில் பட்டம் வாங்கியவர்களும் அதில் உண்டு. பிரேயரில் பேச்சிக்குப் பக்கத்தில் நிற்கப் பிள்ளைகள் தயங்கினார்கள். வாயாடிப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

தள்ளிப்போன ஆண்டு விழா சில மாதங்கள் கழித்து நடப்பதாக இருந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“டீச்சர், பரிசு கொடுக்க தாளாளரம்மாவே வர்றேன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் பேரால நடக்குற விழா, நான்தான் கொடுப்பேன்கிறாங்க. அந்தப் பொண்ணு கையில அவுங்க எப்படிங்க கப்பைக் கொடுப்பாங்க? பசங்க மூணு பேரை மட்டும் ஏத்திருவோம். அந்தப் பொண்ணுக்கு அப்புறமா ரூம்ல வச்சு ஏதாச்சும் கொடுத்துக்கலாம்.”

இங்கேதான் உங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். அவளுடைய அப்பா கூட்டத்தில் இருப்பார். மற்றவர்கள் பெயர் ஒலிக்கும், இவள் பெயர் ஒலிக்காது. யோசிக்க எனக்கு நேரமில்லை, நேரம் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“சார், அவளா அழிக்கல. நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அப்ப சரி. வாத்தியார் சொன்னா சின்னப்பிள்ளை என்ன செய்யும்?” என்றார். என் நெற்றியை ஒருமுறை பார்த்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. எல்லோரும் உடனே நம்பினார்கள். ‘அவளுக்குப் போனதுதான் போச்சு, அடுத்தவளுக்கும் இருக்கக் கூடாதா’ என்று ஓர் அம்மாள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். திட்டுவதற்கு வசதியான மொழி. என் அண்ணன் அன்று என்னைத் திட்ட ஒரு வார்த்தையையும் மிச்சம் வைக்கவில்லை. நான் கவலைப்படவில்லை. என்னைப் பற்றிப் பேசுவதற்கு ஊராரிடம் ஏற்கெனவே இருந்ததுதான், புதிதாக என்ன வந்துவிட்டது? பேச்சியின் பெயர் ஒலிக்கும். அது போதும் என்று இருந்தேன்.

மறுநாள் லேபுக்குள் புயல் மாதிரி வந்தாள் பேச்சி.

“டீச்சர், நான் அழிக்கும்போது நீங்க அங்கன இல்லவே இல்லையே!”

“அதனால என்ன இப்ப?”

“நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு எல்லாரும் சொல்றாக.”

“சொல்லட்டும். மேடையில உன் பேரு வருதுல்ல? அப்பா வாராருல்ல? விழா முடியிற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இரு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபம்கூட இல்லை. “அவனுங்க அம்புட்டுப் பேரும் ஒயரைப் பிடுங்கிக்கிட்டு இருந்தானுங்க. கோளாறு எதுன்னு நான் ஒருத்திதான் கண்டுபிடிச்சேன், டீச்சர். பயமாத்தான் இருந்துச்சு. இருந்தும் அழிச்சேன். நான் செஞ்சதே அது ஒன்னுதான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா, அந்தக் கப்பை வாங்கி நான் என்ன செய்ய?”

அவள் மீது விழுந்த பழியை என் பக்கம் இழுத்தபோது, பெருமையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டும் ஒரே காரியத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை, இன்றும் தெரியாது.

ஆண்டு விழா நடந்தது. பேச்சியின் அப்பா சலவைச் சட்டையில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் தாளாளரம்மா. பொட்டில்லாத அந்த முகத்தை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். கூட்டமே குனிந்துகொண்டது. பையன்கள் பதக்கம் வாங்கினார்கள். கோப்பையைப் பேச்சி கையில் கொடுக்க வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். அவள் பெயரைச் சொன்னார்கள். முழுப்பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் சொன்னார்கள். அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாளாளரம்மா கோப்பையை நீட்டினார். பேச்சி கையை நீட்டவில்லை.

“அம்மா, டீச்சர் சொல்லல. நான்தான் அழிச்சேன். அது வண்டியோட கண்ணும்மா. அழிக்காட்டி ஓடாது.”

மைக் பக்கத்தில் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. தாளாளரம்மா கோப்பையை மேஜை மீது வைத்துவிட்டு அப்படியே நின்றார். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து பேச்சியின் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். அடுத்த பெயரை அவசர அவசரமாக வாசித்தார்கள்.

நான் பின்னால் ஓடினேன். அவள் அப்பா அதற்குள் அவள் கையைப் பிடித்திருந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “இம்புட்டு நடந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, டீச்சர். இனி இந்த ஊருல இவளை என்னன்னு சொல்லுவாக? நாங்க போறோம்” என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். அந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மதியம், லேப் வாசலில் தாளாளரம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். தயங்கித்தான் வந்தார்.

“அந்த வண்டி இருக்கா, டீச்சர்? அதோட கண்ணு எதுன்னு காமிங்க.”

மேஜையில் வைத்து ஓடவிட்டேன். இவை இரண்டும்தான் கண் என்று காட்டினேன். அவர் விரலால் ஒன்றை மூடினார். வண்டி பின்வாங்கியது. விரலை எடுத்தார், முன்னால் வந்தது. திரும்ப மூடினார். அது அவரைக் கண்டு பயந்தது மாதிரி பின்னாலேயே போனது. திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். பேட்டரி தளர்ந்து வண்டி நிற்கும் வரை செய்தார்.

“அன்னைக்கு அந்தப் பிள்ளை எங்கிட்ட ஏதோ சொல்ல வந்துச்சு. சார் அடக்கிட்டாரு. நானும் என்னன்னு கேக்கல. கண்ணுன்னு தெரிஞ்சிருந்தா தள்ளி வச்சிருப்பேனே, டீச்சர். அம்புட்டுப் பேரு சுத்தி நின்னாங்களே, ஒருத்தருக்குமா வாய் வரல?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஏன் எப்பவும் பின்னாடியே நிக்கிறீங்கன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது” என்றார்.

நாங்கள் இருவரும் அழுதோம். சொல்வதற்கு வெட்கம் இல்லை.

“அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க. நானே கொடுக்குறேன்” என்றார். அவள் பள்ளியை விட்டே போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

முன்பே கடிதம் போட்டுவிட்டு, உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் போனேன். சந்தை நாள். மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நடுவே, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காத்திருந்தாள் பேச்சி. அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். லேப் எப்படி என்று கேட்டேன். “பூட்டித்தான் கெடக்கு” என்றாள். பத்தாவதுக்கு மேல் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோப்பையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல், “அவுக என்ன சொன்னாக?” என்றாள்.

“கண்ணு எதுன்னு கேட்டாங்க.”

“ரெண்டையுமா காட்டுனீங்க?”

“ரெண்டையும்.”

தலையாட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் கோப்பையைக் கையில் வாங்கினாள். அடியில் பொறித்திருந்ததைத் திருப்பிப் படித்தாள். பள்ளியின் பெயரும் போட்டியின் பெயரும் இருந்தன.

“எம் பேரு இல்லையே, டீச்சர். ஸ்கூல் பேருதான இருக்கு. அங்கனயே இருக்கட்டும்” என்று திருப்பித் தந்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா சந்தையில் தேடுவார் என்று சொல்லி, வாரேன் டீச்சர் என்று போய்விட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பாராட்டு என்பது விழாவில் தொடங்குவதில்லை. ஒரு பிள்ளை “அம்மா, அது வந்து...” என்று வாயெடுக்கும்போது தொடங்குகிறது. அங்கே “உஷ்” என்று சொல்லிவிட்டால், பிறகு எத்தனை மேடை போட்டும் ஈடுகட்ட முடியாது. இன்னொன்று. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் செய்ததை நீங்கள் செய்ததாகச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கும் வரலாம். வந்தால், சொல்வதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அப்படிச் சொன்னது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சிரித்தார்.

“என்னங்கம்மா, கப்பு மட்டும் தனியாப் பயணம் போகுது? ஜெயிச்ச பிள்ளை எங்க?”

“இறங்கிட்டா” என்றேன்.